பேலோஸ் காட்டுக்குள்ள சைக்கிள்: ஹைப்ரிட் போதுமா, மவுண்டன் பைக் வேணுமா?

கார்த்தி_நேப்பர்வில் கேட்டது:

நண்பர்களுக்கு வணக்கம். போன வருஷம்தான் சிகாகோவுக்கு மேற்கே நேப்பர்வில் பக்கம் குடிவந்தோம். வீட்டுக்குக் கொஞ்ச தூரத்துலயே ஸ்ப்ரிங்புரூக் ப்ரெய்ரிங்கிற புல்வெளிக் காப்பகம். நானும் மனைவியும் 11 வயசுப் பொண்ணும் சாயங்காலம் அந்தச் சுண்ணாம்புக்கல் பொடி போட்ட ட்ரெயில்ல ஒரு சுத்து போயிட்டு வருவோம். என்கிட்ட இருக்கிறது ரோட்டுக்கும் கல் பொடிப் பாதைக்கும் பொதுவான சாதாரண ஹைப்ரிட் சைக்கிள், 38 மில்லிமீட்டர் டயர், முன்னாடி சஸ்பென்ஷன் கிடையாது.

கூட வேலை பார்க்கிற ஒருத்தர் சனிக்கிழமையானா சிகாகோவுக்குத் தென்மேற்கே இருக்கிற பேலோஸ் காட்டுக்கு மவுண்டன் பைக் ஓட்டக் கிளம்பிடுறார். அவர் காட்டின வீடியோவுல ஒத்தையடிப் பாதை, ரெண்டு பக்கமும் ஓக் மரம், குறுக்கே வேர், திடீர்னு பள்ளம், உடனே ஏத்தம். இல்லினாயில கண்ணுக்கு எட்டின வரைக்கும் சமதளம்தான்னு நினைச்சுட்டு இருந்தேன். பார்த்ததுல இருந்து மனசு அங்கேயே இருக்கு.

என் ஹைப்ரிடை வைச்சே அங்க போகலாமா, இல்ல புது வண்டி வாங்கியே ஆகணுமா? குடும்பத்தோட போறதுக்கு முதல்ல எந்த இடம் சரியா இருக்கும்? இன்னொண்ணு, போன வாரம் நானும் வரேன்னு அவர்கிட்ட கேட்டேன். "மழை பெஞ்சிருக்கு, இந்த வாரம் யாரும் போகக் கூடாது"ன்னு சொல்லிட்டார். கேட் திறந்துதானே இருக்கு, சேறு பட்டா கழுவிக்கலாமேன்னு எனக்குத் தோணுச்சு. அதுல என்ன தப்புன்னு புரியல. மனைவிக்கு உண்ணிக் கடியை நினைச்சாலே பயம். அதைப் பத்தியும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

—

ஷாம்பர்க்_சைக்கிள்:

குடும்பத்தோடன்னா பஸ்ஸி உட்ஸ் வாங்க. எல்க் குரோவ் பக்கம். முழுக்கத் தார் போட்ட பாதை, ஏரியைச் சுத்தி வரும், வேலிக்குள்ள எல்க் மான் கூட்டம் இருக்கும், பொண்ணுக்குப் பிடிக்கும். கொஞ்சம் நீளமா வேணும்னா நார்த் பிராஞ்ச் ட்ரெயில். சிகாகோ ஊருக்குள்ள ஆரம்பிச்சு க்ளென்கோ பொட்டானிக் கார்டன் வரைக்கும் காட்டு நிழல்லயே போகலாம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் மட்டும் ரெண்டு இடமும் வேண்டாம், நடக்கிறவங்க, நாய், குழந்தை வண்டின்னு நெரிசல். மண் பாதையில நான் ஓட்டுறதில்ல, அதை மத்தவங்க சொல்லட்டும்.

—

ஓக்_நிழல்:

தம்பி கார்த்தி, ஹைப்ரிடை அவசரப்பட்டு விக்காதீங்க. காட்டு வழியா சைக்கிள் ஓட்டுறது ஒண்ணு, மவுண்டன் பைக் ஓட்டுறது வேற ஒண்ணு. முதலாவதுக்கு உங்க வண்டி தாராளம். ரெண்டாவதுக்கு ஆகாது. டயர் மெலிசு, ஈர வேர் மேல ஏறினா வழுக்கும், முன்சக்கரம் பள்ளத்துல இறங்குறப்போ அந்த அடி முழுக்க மணிக்கட்டுக்கு வரும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு படி இருக்கு, அதுல ஏறிட்டு அப்புறம் பேலோஸ் போங்க. வாட்டர்ஃபால் க்ளென்தான் அது.

லெமான்ட் கோயிலுக்குப் போயிருப்பீங்க. வடக்கே இருந்து லெமான்ட் ரோட்டுல போறப்போ, ஆத்துப் பாலம் வர்றதுக்கு முன்னாடி இடது கைப்பக்கம் இருக்கிற காடு அதுதான். நடுவுல ஆர்கான் ஆய்வுக்கூடம், அதை வளைச்சு சுமார் 9.5 மைல் சுத்துப்பாதை. 1973-ல ஆய்வுக்கூடத்துக்குத் தேவைப்படாத நிலத்தை மத்திய அரசு டூபேஜ் கவுண்டிக் காடுகளைப் பார்த்துக்கிற ஃபாரஸ்ட் ப்ரிசர்வ் அமைப்புக்குக் கொடுத்துச்சு, அதனாலதான் வீடு கட்டாம தப்பிச்சிருக்கு. உங்க ஸ்ப்ரிங்புரூக் மாதிரியே சுண்ணாம்புக்கல் பொடிதான், ஆனா சமதளம் இல்ல. தெக்குப் பக்கம் டெஸ்பிளெய்ன்ஸ் ஆத்தைப் பார்த்து இறங்குற சரிவுல வேகம் தானா கூடும். அங்க வளைவுக்குள்ள போனப்புறம் முன் பிரேக்கைப் பிடிக்கக் கூடாது, பொடிக்கல்லுல சக்கரம் நழுவிடும். வளைவுக்கு முன்னாடியே ரெண்டு பிரேக்கையும் சமமா பிடிச்சு வேகத்தைக் குறைச்சுட்டு, அப்புறம் விட்டுட்டுத் திரும்புங்க. பொண்ணுக்கு இதைச் சமதளத்துலயே சொல்லிக்கொடுத்துடுங்க.

ஒரு விஷயம். டூபேஜ் காடுகள்ல குறி போட்ட அகலமான ட்ரெயில்லதான் சைக்கிள். பக்கத்துல பிரியுற ஒத்தையடிப் பாதையெல்லாம் நடக்கிறவங்களுக்கு. ராக்கி க்ளென் அருவியைப் பார்க்கணும்னா வண்டியைப் பூட்டி வைச்சுட்டு நடந்து இறங்குங்க. பெரிய அருவி இல்ல, 1930-கள்ல வேலையில்லாத இளைஞர்களுக்கு வேலை கொடுக்கிறதுக்காக அமெரிக்க அரசு நடத்தின சிசிசி ஆளுங்க கல் அடுக்கிக் கட்டினது. ஆனா மழைக்காலத்துல சத்தம் நல்லா இருக்கும்.

அந்தச் சுத்தை மூச்சு வாங்காம முடிச்சு, இன்னும் வேணும்னு தோணுச்சுன்னா பேலோஸுக்கு நேரம் வந்தாச்சு.

பேலோஸ்ல மேடு பள்ளம் எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டா உங்க மழைக் கேள்விக்கும் பதில் கிடைச்சுடும். பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி கனடாப் பக்கத்துல இருந்து நகர்ந்து வந்த பனியாறு இங்க நின்னு, உருகி, தான் சுரண்டிக் கொண்டுவந்த மண்ணையும் கல்லையும் கொட்டிட்டுப் போச்சு. வால்பரைசோ மொரெய்ன்னு பேரு. மிச்சிகன் ஏரியோட தெக்கு முனையை வளைச்சுப் போற மேடு அது. உருகின தண்ணி அந்த மேட்டை அறுத்துக்கிட்டு ஓடின இடம்தான் இப்போ நாம இறங்கி ஏறுற பள்ளங்கள். அப்படி வந்த மண்ணுல களிமண் அதிகம். களிமண்ணுக்குள்ள தண்ணி சீக்கிரம் இறங்காது. மேட்டைக் கொடுத்த அதே பனியாறுதான் சேத்தையும் கொடுத்துச்சு.

இப்போ ஈரத்துல ஒருத்தர் ஓட்டுறார்னு வைங்க. டயர் ரெண்டு விரல் ஆழம் பதியுது. வெயில் வந்ததும் அந்தத் தடம் அப்படியே இறுகிடும். அடுத்த மழையில தண்ணிக்கு அது வாய்க்கால். பாதைக்குக் குறுக்கே கடந்து கீழே இறங்கவேண்டிய தண்ணி, பாதை நெடுக ஓட ஆரம்பிக்கும். மண் அரிச்சு வேர் அம்மணமா நிக்கும். அடுத்து வர்றவங்க சேத்துல இறங்காம ஓரமா ஓட்டுவாங்க, அதுக்கும் அடுத்தவங்க இன்னும் ஓரமா. கடைசியில ஒத்தையடிப் பாதை மாட்டுவண்டிப் பாதை அகலத்துக்கு வந்து, ஏப்ரல் மே மாசத்துல அங்க பூக்குற டிரில்லியத்துக்கும் மே ஆப்பிளுக்கும் மேல ஏறிடும். நீங்க சைக்கிளைக் கழுவிடுவீங்க தம்பி, பாதையை யாரு கழுவுறது?

நான் தன்னார்வலர்களோட பாதை வேலைக்குப் போறவன். அதனாலதான் இவ்வளவு சொல்றேன். சரிவுல பாதை போடுறப்போ மேல் பக்கம் வெட்டி, நடக்கிற தளத்தை வெளி ஓரம் பார்த்து லேசா சாய்ச்சு விடணும், நூத்துக்கு அஞ்சுங்கிற கணக்குல. பார்த்தா சாய்வே தெரியாது. ஒரு குவளை தண்ணியை ஊத்திப் பார்ப்போம். தண்ணி தயங்காம ஓரத்துக்குப் போய் இலைக்குள்ள இறங்கினா அந்த இடம் சரி. பாதையிலயே தேங்கினா மறுபடி வெட்டணும். ஒரு பக்கம் கோடாலி, இன்னொரு பக்கம் கொத்து இருக்கிற புலாஸ்கியால வேரை அறுத்து, ஒரு பக்கம் பல்லும் இன்னொரு பக்கம் அகலத் தகடும் இருக்கிற மெக்லியட்டால மண்ணை இழுத்துத் தட்டி, ஒரு காலைப்பொழுது முழுக்க பத்துப் பேர் வேலை செஞ்சா சில பத்து அடி முடியும். அதை ஒரு ஈர சனிக்கிழமையில நாலு சைக்கிள் கெடுத்துடும்.

இன்னொரு காரணமும் இருக்கு. பேலோஸைப் பார்த்துக்கிற குக் கவுண்டி ஃபாரஸ்ட் ப்ரிசர்வ் 1914-லயே மக்கள் ஓட்டுப் போட்டு உருவாக்கினது, இன்னைக்குக் கிட்டத்தட்ட 70,000 ஏக்கர். காட்டைக் காட்டாவே வைச்சிருக்கிறதுதான் அவங்க முதல் வேலை, சைக்கிள் அதுக்கு அப்புறம்தான். அனுமதி இல்லாம வெட்டின பாதைகளை மூடியிருக்காங்க, அது நியாயம்தான். இப்போ ஓட்டுறதுக்கு இருக்கிற மண் பாதைகள் சிகாகோ ஏரியா மவுண்டன் பைக்கர்ஸ்ங்கிற அமைப்பு அவங்களோட பேசி, கூட நின்னு மண் வெட்டி, நம்பிக்கையைச் சம்பாதிச்சு வாங்கினது. அவங்க இணையதளத்துல எந்தப் பாதை காய்ஞ்சிருக்கு, எது ஈரம்னு போடுவாங்க. கிளம்புறதுக்கு முன்னாடி அதைப் பாருங்க.

நேர்ல போய் இறங்கினதும் வண்டியைக் காரை விட்டு இறக்காதீங்க. பாதை தொடங்குற இடத்துல நிழல் விழுற பள்ளமா பார்த்துக் குதிகாலை அழுத்துங்க. மண் பொடியா உதிர்ந்தா போகலாம். தடம் பதிஞ்சு அதோட விளிம்பு பளபளன்னு நின்னுச்சுன்னா சைக்கிளைக் காரை விட்டு இறக்காமலே வாட்டர்ஃபால் க்ளென்னுக்குத் திருப்பிடுங்க. அங்க கல் பொடி, தண்ணி வடிஞ்சுடும். கோடையில பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள்ல பேலோஸ் காயும். மார்ச், ஏப்ரல்ல அப்படி எதிர்பார்க்க முடியாது.

வண்டி விஷயம். முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன் இருக்கிற ஹார்டெய்ல் போதும். இந்தக் காட்டுக்கு ரெண்டு பக்கமும் சஸ்பென்ஷன் இருக்கிற விலை கூடின வண்டி தேவையில்லைங்கிறது என் அபிப்பிராயம், நிறைய பேர் ஒத்துக்க மாட்டாங்க. பழைய வண்டியா இருந்தாலும் டிஸ்க் பிரேக்கும் 2.2 அங்குல டயரும் இருக்கட்டும். டியூப் போட்ட டயர்னா காத்தழுத்தம் 30 பிஎஸ்ஐ பக்கம் வைச்சு, உங்க எடைக்குத் தகுந்த மாதிரி கூட்டிக் குறைச்சுக்கோங்க. இறுக்கமா காத்தடிச்சா வேர் மேல வண்டி துள்ளும். ரொம்பக் குறைச்சா கல்லுல அடிச்சு டியூப் கிழியும்.

முதல் தடவை 95-வது தெருவுல புல்ஃபிராக் லேக் பார்க்கிங்ல நிறுத்திட்டு, மஞ்சள் குறி போட்ட அகலமான மண் பாதையில ஓடுங்க. ஏத்தம் வர்றதுக்கு முன்னாடியே கியரை லேசாக்கணும், ஏறும்போது மாத்தினா செயின் கதறும். இறங்குறப்போ சீட்டை விட்டு எழுந்து, ரெண்டு பெடலும் ஒரே மட்டத்துல, கண்ணு நாலு வண்டி நீளத்துக்கு முன்னாடி. முன்சக்கரத்துக்குக் கீழ இருக்கிற கல்லைப் பார்த்தா வண்டி கல்லுக்கே போகும். பின்சக்கரத்தைப் பூட்டி இழுக்காதீங்க, பாதை கீறிடும். த்ரீ ரவைன்ஸ், கிராவிட்டி கேவிட்டின்னு ஒத்தையடிப் பாதைகளோட பேர் கேள்விப்பட்டிருப்பீங்க, அதெல்லாம் பொறுத்துப் போகலாம்.

பேலோஸ்ல குதிரையும் வரும். பார்த்த உடனே இறங்கி, சரிவோட கீழ்ப் பக்கமா ஒதுங்கி நின்னு, ஓட்டுறவங்ககிட்ட சத்தமா ரெண்டு வார்த்தை பேசுங்க. ஹெல்மெட் போட்டுக்கிட்டு அசையாம நிக்கிற உருவம் என்னன்னு குதிரைக்குத் தெரியாது. மனுஷக் குரல் கேட்டதும் அடங்கும்.

போற வழியில ரெட் கேட் உட்ஸையும் ஒரு நாள் நடந்து பாருங்க. உலகத்தோட முதல் அணு உலை 1942 டிசம்பர் 2-ல சிகாகோ பல்கலைக்கழக மைதானத்துல பார்வையாளர் மாடத்துக்கு அடியில ஓடிச்சு. அடுத்த வருஷம் அதைப் பிரிச்சு இந்தக் காட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி கட்டினாங்க. இங்க இருந்த ஆய்வுக்கூடம்தான் பின்னாடி ஆர்கானா வளர்ந்துச்சு. உலையோட மிச்சம் இங்கேயேதான் புதைஞ்சிருக்கு. தோண்டாதீங்க, வர்றவங்களுக்கு ஆபத்து இல்லன்னு எழுதின கல் ஒண்ணு நிக்குது. உங்க பொண்ணு வயசுக்கு அதைப் பார்த்தா ஆயிரம் கேள்வி வரும்.

—

வீட்டன்_மாலதி:

ஓக்_நிழல் சார் மண்ணைப் பத்திச் சொன்னதுக்கு மேல சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல. கார்த்தி, உங்க மனைவிக்காக நான் எழுதுறேன்.

பயப்படணும்னா கறுங்கால் உண்ணிக்குத்தான், அதுதான் லைம் நோயைக் கொண்டுவரும். மே கடைசியில இருந்து ஜூலை வரைக்கும் அதோட குஞ்சு கசகசா அளவுல இருக்கும். கண்ணுக்குச் சட்டுனு தெரியாது, அதான் தொந்தரவு. ஆனா பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல ஒட்டி இருந்தாத்தான் நோய் இறங்கும். அதனால வீட்டுக்கு வந்த உடனே பார்த்துட்டா பயம் பாதி போயிடும். எங்க வீட்டுல பழக்கம் என்னன்னா, போட்டிருந்த துணி நேரா டிரையர்ல, சூட்டுல சாகும். அப்புறம் குளியல். குளிக்கிறப்போ முட்டிக்குப் பின்னாடி, அக்குள், இடுப்பு மடிப்பு, காதுக்குப் பின்னாடி, பொண்ணுன்னா ஜடைக்கு அடியில, கையால தடவிப் பார்க்கணும். ஒட்டியிருந்தா முனை கூர்மையான இடுக்கியால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா இழுங்க. எண்ணெய், தீக்குச்சி சூடு எதுவும் வேண்டாம். அகலமான பாதையில நடுவுல ஓட்டுற வரைக்கும் உண்ணி ஏற வாய்ப்பு குறைவு. ஓரத்துப் புல்லுல உக்காந்து டிபன் பாக்ஸைத் திறக்கிற இடத்துலதான் ஏறும். விரிப்பு வேண்டாம், பெஞ்சுல உக்காருங்க.

உண்ணியை விட எங்களை அதிகமா படுத்தினது பாய்சன் ஐவி. ஊர்ல சேங்கொட்டைப் பால் பட்டா தோல் பொத்துப்போகும்னு பாட்டி சொல்வாங்களே, அதே குடும்பத்துச் செடி, மாவும் முந்திரியும் அதுல சேர்த்தி. மூணு இலை சேர்ந்து இருக்கும், நடு இலைக்கு மட்டும் காம்பு நீளம். மரத்துல கொடியா ஏறும், தரையிலயும் படரும். இலை இல்லாத குளிர்காலக் கொடியிலயும் அந்த எண்ணெய் இருக்கு. பட்டா சீக்கிரமா சோப்புப் போட்டுக் கழுவணும். சைக்கிள் கைப்பிடி, ஷூ லேஸ் ரெண்டையும் துடைக்க மறந்துடாதீங்க. பொண்ணு இலையைப் பறிக்கிற ரகம்னா முதல்லயே அடையாளம் காட்டிடுங்க.

அப்புறம் எங்க ஊர் வழியா போற இல்லினாய் ப்ரெய்ரி பாத்தை விட்டுட்டீங்களே. பழைய மின்சார ரயில் ஓடின தடம். 1957-ல பயணிகள் வண்டி நின்னுபோச்சு. 1963-ல மே வாட்ஸ்ங்கிற இயற்கை ஆர்வலர் அதை நடைபாதையா ஆக்கணும்னு சிகாகோ ட்ரிப்யூனுக்கு ஒரு கடிதம் எழுதினாங்க, அதுல இருந்து தொடங்கினது. இப்போ கிளைகளையும் சேர்த்தா 60 மைலுக்கு மேல. ரயில் தடம்ங்கிறதால ஏத்தமே இல்ல, பிள்ளைங்க களைக்காம நிறைய தூரம் போவாங்க. ரோடு குறுக்கிடுற இடத்துல மட்டும் கூடவே நில்லுங்க.

—

கார்த்தி_நேப்பர்வில்:

ஓக்_நிழல் அண்ணே, மாலதி அக்கா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஈரத்துல ஏன் போகக் கூடாதுன்னு இப்பத்தான் புரிஞ்சுது, கேட்டது நல்லதாப் போச்சு. இந்த வாரம் வாட்டர்ஃபால் க்ளென் போறோம். மனைவி மாலதி அக்கா எழுதினதை ரெண்டு தடவை படிச்சுட்டு, "சரி, நானும் வரேன்"னு சொல்லிட்டாங்க.

இன்னும் ரெண்டு சந்தேகம் அண்ணே. குளிர்காலத்துல மண் இறுகிடுமே, அப்போ பேலோஸ்ல ஓட்டலாமா? பொண்ணோட சைக்கிள் 24 அங்குலச் சக்கரம், 7 கியர், முன்னாடி சஸ்பென்ஷன் இருக்கு. அவளை மஞ்சள் பாதைக்குக் கூட்டிட்டுப் போகலாமா?

—

ஓக்_நிழல்:

இறுகின மண்ணுல ஓட்டலாம் தம்பி, எனக்கு அதுதான் பிடிச்ச பருவம்கூட. இலை எல்லாம் உதிர்ந்து, மேட்டு மேல நின்னா பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் தெரியும், கொசு கிடையாது. ஆனா நேரம் பார்க்கணும். பிப்ரவரி, மார்ச்ல காலையில கல்லா இருக்கிற மண்ணு, வெயில் ஏறினதும் மேல ஒரு அங்குலம் இளகிடும். அடியில இன்னும் உறைஞ்சிருக்கிறதால தண்ணி இறங்க வழி இல்ல, மேலேயே நின்னு குழம்பாகும். வருஷத்துலயே பாதை அதிகமா கெடுறது அப்போதான். வெயில் படுற தெக்குச் சரிவு முதல்ல இளகும், வடக்குச் சரிவு மத்தியானம் வரைக்கும் தாங்கும். சூரியன் வந்ததும் உள்ளே போய், மண் இளகுறதுக்குள்ள வெளியே வந்துடணும். சூரியன் உதிச்சதுல இருந்து மறையுற வரைக்கும்தான் குக் கவுண்டி காடுகள் திறந்திருக்கும், அதனால இருட்டுலயே நுழையவும் வழி இல்ல.

பெரியவங்க மூணு வாரம் காத்திருந்தும் காயலன்னா விஸ்கான்சின் பக்கம் கெட்டில் மொரெய்ன் இருக்கு. அங்கேயும் பனியாறு கொட்டின மேடுதான், ஆனா மணலும் சரளையும் கூட, மழை நின்னா சீக்கிரம் வடிஞ்சுடும். ஜான் மியூர், எம்மா கார்லின்னு ரெண்டு பாதைத் தொகுப்பு. ட்ரெயில் பாஸ் வாங்கணும்.

பொண்ணு விஷயத்துல, 24 அங்குலம் தாராளம், மஞ்சள் பாதைக்குக் கூட்டிட்டுப் போங்க. அவ முன்னாடி போகட்டும், நீங்க பின்னாடி. நீங்க முன்னாடி போனா உங்க வேகத்தைப் பிடிக்கப் பார்ப்பா. இறங்கித் தள்ளணும்னு தோணுற இடத்துல தள்ளட்டும், அவசரப்படுத்தாதீங்க. கிளம்புறதுக்கு முன்னாடி அவ பிரேக் லீவரைப் பாருங்க. சின்னப் பிள்ளைங்க சைக்கிள்ல லீவர் பல நேரம் விரலுக்கு எட்டாத தூரத்துல இருக்கும். லீவர் பக்கத்துலயே ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், அதைத் திருப்பினா உள்ளே வரும். ரெண்டு விரலால பிடிச்சுச் சக்கரம் நிக்கணும். டயரோட பக்கவாட்டுல அகலமும் எத்தனை பிஎஸ்ஐன்னும் அச்சடிச்சிருக்கும், அதைப் பார்த்து இங்க எழுதுங்க, அவ எடைக்கு எவ்வளவு காத்து வைக்கலாம்னு சொல்றேன்.